நாளேட்டுத் தலைப்பின் சொத்துக் கணக்கு

நாளேட்டின் தலைப்பு ஒரு நாள் வாழ்வதற்காக எழுதப்படுவது. விடியற்காலையில் பேப்பர் கட்டு பிரிக்கப்படும்போது பிறக்கிறது. பத்து மணிக்குள் வாசித்து முடிக்கப்படுகிறது. மறுநாள் அலமாரித் தட்டில் விரிக்கப்படுகிறது. மாதக் கடைசியில் எடைக்குப் போகிறது. இவ்வளவு குறைந்த ஆயுள் கொண்ட ஒன்று எதை விட்டுச்செல்ல முடியும் என்று கேட்டால், ‘வரலாற்றுச் சிறப்புமிக்க தலைப்புகள்’ என்று ஒரு சிறு பட்டியலை நீட்டுவது வழக்கம். போர் மூண்டது, போர் ஓய்ந்தது, தலைவர் மறைந்தார், நிலவில் மனிதன் இறங்கினான் என்று எட்டுப் பத்தி அகலத்தில் வந்தவை அந்தப் பட்டியலில் இருக்கும். அத்தகைய நாட்கள் ஆண்டுக்கு நான்கைந்து தேறினாலே அதிகம். மீதி முந்நூற்று அறுபது நாளும் தலைப்புகள் வந்துகொண்டுதான் இருந்தன. தக்காளி விலை ஏறியது. மேட்டூரில் நீர்மட்டம் குறைந்தது. வாலிபர் ஒருவர் கைதானார். இந்த அன்றாடத் தலைப்புகள் விட்டுச்சென்ற சொத்து என்ன, கடன் என்ன என்பதை வகைப்படுத்திக் காண்பது இக்கட்டுரையின் வேலை. தமிழ் நாளேடுகளே இதற்கு முதன்மைச் சான்று. புகழ்பெற்ற தலைப்புகளின் பெருமையைச் சோதிக்கும் இடத்திலும், சில ஒப்பீடுகளிலும் மட்டும் ஆங்கில ஏடுகள் வருகின்றன.

அடையாளச் சீட்டிலிருந்து அலறல் வரை

1855இல் சென்னையில் பெர்சிவல் பாதிரியார் தொடங்கிய இதழின் பெயர் ‘தினவர்த்தமானி’. பெயரில் தினம் இருந்தாலும் அது வாரம் ஒருமுறைதான் வெளிவந்தது. உள்ளதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் கலை, தமிழ் இதழ்களில் தலைப்புக்கு முன்பே பெயர்ப் பலகையில் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் வார இதழாகத் தொடங்கிய சுதேசமித்திரன் 1899இல் நாளேடானபோதுதான் தமிழில் ‘தினம்’ என்ற சொல் உண்மையாயிற்று.

அந்தக் காலத் தலைப்பு, மருந்துக் குப்பியில் ஒட்டிய சீட்டைப் போன்றது. உள்ளே இருப்பது இன்னது என்று சொல்லும்; குடி என்று வற்புறுத்தாது. ஊர்ப் பெயரோ, துறைப் பெயரோ, ‘தந்திச் செய்திகள்’ என்பது போன்ற பொதுப் பெயரோ சிறிய எழுத்தில் ஒரு பத்திக்குள் அடங்கிவிடும். 1904இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த பாரதியாருக்கு முதலில் வாய்த்த வேலை ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது. செய்தி தமிழுக்கு வந்துகொண்டிருந்தது. செய்திக்கு உரிய குரல் இன்னும் வரவில்லை. பாரதியார் நினைவு நாளான செப்டம்பர் 11இல், 1934ஆம் ஆண்டு, டி.எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு தினமணி வெளிவந்தபோது தலைப்புகளில் அரசியல் சூடு ஏறியது. ஆனால், தலைப்பு தெருவுக்கு இறங்கி வந்தது அதற்குப் பிறகு.

1942 நவம்பர் 1இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் ‘தந்தி’ என்ற நாளேட்டைத் தொடங்கினார். லண்டனில் சட்டம் படித்து, சிங்கப்பூரில் வழக்கறிஞராக இருந்துவிட்டு வந்தவர் அவர். லண்டனில் சாமானியர்கள் பேருந்தில் நின்றபடி படித்த பெரிய எழுத்து ஏடுகளை அவர் பார்த்திருந்தார். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரியும் சிறிய வாக்கியம், கொச்சை நீக்கிய பேச்சுத் தமிழ், தூரத்திலிருந்தே கண்ணில் படும் தலைப்பு என்ற மூன்றும் தினத்தந்தியின் அடையாளங்கள் ஆயின. டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்கப் படிக்க நால்வர் கேட்கும் வழக்கத்துக்கு ஏற்ற நடை இது. பின்னர் 1951இல் திருவனந்தபுரத்தில் பிறந்து திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்த தினமலரும், மாலை ஏடுகளும் இந்தப் பாதையிலேயே தத்தம் வழிகளை அமைத்துக்கொண்டன. தந்தி என்ற சேவையை இந்தியா 2013 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஏட்டின் பெயரில் அது இன்றும் நாள்தோறும் விநியோகமாகிறது.

அச்சுக்கூடத்தின் பங்கும் இதில் உண்டு. ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கிக் கோத்த காலத்தில், உடல் எழுத்துக்கு நிறைய அச்சு இருக்கும். தலைப்புக்கான பெரிய எழுத்துகள் குறைவாகவே இருக்கும். தமிழில் பல உயிர்மெய்கள் தனி உருவம் கேட்பதால் பெட்டி பெருத்துக்கொண்டே போகும். ‘தலைப்பு’ என்ற சொல்லின் இரண்டாம் எழுத்தான ‘லை’யே, யானைத் தும்பிக்கை போல முன்னால் வளைந்த தனி உருவம் கொண்டிருந்தது. பெரியார் 1935இல் தம் ஏடுகளில் புகுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்றபோது லை, ளை, ணை, னை, றா, ணா, னா முதலிய 13 எழுத்துகள் தனி உருவத்தை இழந்தன. விடுதலை என்ற ஏடு தன் பெயரின் கடைசி எழுத்துக்கே விடுதலை வாங்கித் தந்தது.

நினைவில் நின்ற பொய்கள்

அன்றாடத் தலைப்பைப் பார்ப்பதற்கு முன், அமரத்துவம் பெற்ற தலைப்புகளின் யோக்கியதையைப் பார்த்துவிடுவது நல்லது.

உலகில் மிகவும் பேசப்பட்ட தலைப்பு ஒன்று, நடக்காத ஒன்றைப் பற்றியது. 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் டிரூமனை டூயி வென்றுவிட்டார் என்று நவம்பர் 3ஆம் நாள் சிகாகோ டிரிபியூன் முதல் பக்கத்தில் அறிவித்தது. அச்சுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் காரணமாக அந்த ஏடு வழக்கத்தைவிடப் பல மணி நேரம் முன்னதாக அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. முடிவு வரும்வரை காத்திருக்க நேரமில்லை; யூகம் கையில் இருந்தது. எண்ணி முடித்தபோது டிரூமனுக்கு 303 தேர்தல் குழு வாக்குகள், டூயிக்கு 189. வென்ற டிரூமன் செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் அந்த ஏட்டை உயர்த்திப் பிடித்துச் சிரித்த புகைப்படம் இன்றும் இதழியல் வகுப்புகளில் காட்டப்படுகிறது. அந்தத் தேர்தலைப் பற்றிச் சரியாகத் தலைப்பிட்ட நூற்றுக்கணக்கான ஏடுகளில் ஒன்றையும் யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

அடுத்தது, சொல்லாத சொல். நிதி நெருக்கடியில் சிக்கிய நியூயார்க் நகருக்கு உதவ அதிபர் ஃபோர்டு மறுத்தபோது, ‘செத்துத் தொலை என்று நகரத்துக்கு ஃபோர்டு சொன்னார்’ என்ற பொருள்பட டெய்லி நியூஸ் 1975 அக்டோபர் 30இல் தலைப்பிட்டது. ஃபோர்டு அந்தச் சொற்களைச் சொல்லவே இல்லை. ஆனால், அடுத்த ஆண்டு அவர் தேர்தலில் தோற்றதற்கு அந்தத் தலைப்பும் ஒரு காரணம் என்று அவரே கருதினார்.

மூன்றாவது வகை இன்னும் மேலானது; அச்சாகவே இல்லை. ‘கால்வாயில் மூடுபனி, ஐரோப்பா துண்டிப்பு’ என்று ஒரு பிரிட்டிஷ் ஏடு தலைப்பிட்டதாகவும், தங்கள் தீவே உலகின் மையம் என்ற பிரிட்டிஷ் மனப்பான்மைக்கு அதுவே சான்று என்றும் பல பத்தாண்டுகளாக மேற்கோள் காட்டப்பட்டு வருகிறது. எந்த ஏட்டில், எந்த நாளில் என்று கேட்டால் ஏடும் இல்லை, நாளும் இல்லை. ‘சிலியில் சிறு நிலநடுக்கம், அதிகம் பேர் சாகவில்லை’ என்பது இன்னொன்று. மிகவும் சலிப்பூட்டும் தலைப்பு எழுதுவது யார் என்று டைம்ஸ் அலுவலகத்தில் நடந்த போட்டியில் தாம் வென்றது இதனால்தான் என்று கிளாட் காக்பர்ன் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். பின்னால் வந்தவர்கள் பழைய டைம்ஸ் இதழ்களைப் புரட்டிப் பார்த்தார்கள், தலைப்பு அகப்படவில்லை. அந்தத் தலைப்பு மட்டும் நிலநடுக்கத்தைவிட நெடுநாள் வாழ்கிறது.

நான்காவது, நடக்காததும் அழியாததும். ஃபிரெடி ஸ்டார் என்ற நகைச்சுவை நடிகர் ஒரு பெண்ணின் வெள்ளெலியைத் தின்றுவிட்டார் என்று 1986 மார்ச் 13இல் தி சன் முதல் பக்கத்தில் போட்டது. அவர் தின்னவில்லை. 33 ஆண்டுகள் கழித்து, 2019இல் அவர் இறந்தபோது, இரங்கல் குறிப்புகள் எல்லாவற்றிலும் அந்த வெள்ளெலி இடம் பிடித்திருந்தது.

ஆக, புகழ்பெற்ற தலைப்புகளின் பட்டியல் பெரும்பாலும் தவறாக அச்சானவை, திரித்துச் சொன்னவை, அச்சே ஆகாதவை என்ற மூன்றுக்குள் அடங்கும். தலைப்பின் மெய்யான மரபை அங்கே தேடிப் பயனில்லை. யாருக்கும் நினைவில் இல்லாத தலைப்புகளில்தான் தேட வேண்டும்.

இரண்டெழுத்துப் படை

தலைப்பை நிருபர் எழுதுவதில்லை. இரவுப் பணியில் இருக்கும் உதவி ஆசிரியர் எழுதுகிறார். செய்தி எவ்வளவு நீளமானாலும், அவருக்குக் கொடுக்கப்பட்ட இடம் இத்தனை பத்தி, இத்தனை வரி என்று அளந்து கொடுக்கப்பட்டது. ஆங்கில உதவி ஆசிரியருக்குச் சிறு சொற்கள் ஏராளம். தமிழ்ச் சொல்லோ வேற்றுமை உருபையும் விகுதியையும் வாலில் கட்டிக்கொண்டு நீள்வது. ‘மாநகராட்சி’ என்ற ஒரு சொல்லே ஒற்றைப் பத்தியின் ஒரு வரியை விழுங்கிவிடும். ‘மாநகராட்சிக்கெதிராக’ என்றால் பக்கத்துப் பத்தியின் வாசலைத் தட்டும்.

இந்த நெருக்கடியில் உருவானதுதான் இரண்டெழுத்துச் சொற்களின் படை: பலி, கைது, தடை, மனு, கெடு, பீதி, சதி. ‘2 பேர் பலி’, ‘3 பேர் கைது’ என்று எண்ணும் சொல்லும் சேர்ந்தால் வாக்கியம் முடிந்துவிடும். வினைமுற்றைக் கடைசியில் வைப்பது தமிழின் இயல்பு. தலைப்பு அந்தக் கடைசியையே வெட்டியெறிந்துவிட்டுப் பெயர்ச்சொல்லில் நின்றுகொள்கிறது. ‘இறந்தனர்’ என்பதற்கும் ‘பலி’ என்பதற்கும் நான்கெழுத்து மிச்சம். அந்த நான்கெழுத்துக்காக ஒரு சொல்லின் பொருளே இடம்பெயர்ந்தது. கோயிலில் பலிபீடத்தில் தெய்வத்துக்குப் படைப்பது பலி. இன்று லாரியும் பஸ்ஸும் மோதினாலே பலி. எந்தத் தெய்வம் கேட்டது என்று யாரும் கேட்பதில்லை.

படையில் வெளியூர்க்காரர்களும் உண்டு. கைது, ரத்து, ஜாமீன், அமல், ராஜினாமா, தகராறு, பாக்கி எல்லாம் அரபு, பாரசீக வழியில், நவாபு ஆட்சியின் வருவாய்க் கணக்கிலும் கம்பெனியின் நீதிமன்றக் காகிதங்களிலும் ஏறி வந்தவை. கச்சேரியில் வழங்கிய சொற்களுக்குத் தலைப்பில் நிரந்தர வேலை கிடைத்தது. தனித்தமிழ் இயக்கம் இவற்றுக்கு மாற்றுச் சொற்களைத் தந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. ‘ராஜினாமா’வுக்கு ‘பதவி விலகல்’ என்பது நீளம் என்று தள்ளப்பட்டது, சரி. ‘ஜாமீன்’ மூன்றெழுத்து, ‘பிணை’ இரண்டெழுத்து. இடந்தான் காரணம் என்றால் பிணை வென்றிருக்க வேண்டும். இன்றும் அன்றாடத் தலைப்புகளில் பெரும்பாலோர்க்கு ஜாமீன்தான் கிடைக்கிறது. தலைப்பை ஆள்வது இடநெருக்கடி மட்டுமன்று, பழக்கமும்தான் என்பதற்கு இந்த ஒரு சொல்லே போதும்.

பெயர்களும் இவ்வாறே குறுகின. ‘முதலமைச்சர்’ ‘முதல்வர்’ ஆனார்; கல்லூரி முதல்வர்களுக்கு அன்று தொடங்கிய குழப்பம் இன்னும் தீரவில்லை. ஜெயலலிதா தலைப்பில் ‘ஜெ.’ ஆனார். பன்னீர்செல்வமும் பழனிசாமியும் ஓ.பி.எஸ்., இ.பி.எஸ். என்று தலா நான்கெழுத்தில் முடிந்தார்கள். தலைப்பில் அடங்காத பெயருடன் அரசியலுக்கு வருபவருக்கு ஏடே பெயர்சூட்டு விழா நடத்திவிடும்.

தலைப்பூரின் குடிமக்கள்

தலைப்புகளை மட்டும் படித்து ஒருவர் தமிழ்நாட்டை அறிந்துகொள்ள முயன்றால், அங்கே சில வகை மனிதர்களே வாழ்கிறார்கள் என்று நினைப்பார்.

முதலாமவர் வாலிபர். எந்த வீட்டிலும் எந்தத் தாயும் தன் மகனை வாலிபர் என்று அழைத்ததில்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நுழையும்போது அவர் வாலிபராகிறார். அவருடைய வயது பதினெட்டில் தொடங்கி, நாற்பது தாண்டியும் நீள்வதுண்டு. இரண்டாமவர் மர்ம நபர். பூட்டிய வீட்டில் ‘கைவரிசை’ காட்டுவது, பட்டப்பகலில் ‘துணிகரம்’ புரிவது, தப்பியோடுவது ஆகியவை அவருடைய தொழில். அவரைப் பிடிக்கப் போலீசார் ‘வலை வீசுவார்கள்’. கடற்கரையே இல்லாத தர்மபுரியிலும் சேலத்திலும் அதிகமாக வலை வீசும் துறை மீன்வளத் துறை அன்று, காவல் துறை.

மூன்றாமவர் இல்லத்தரசி. தங்கம், எரிவாயு சிலிண்டர், தக்காளி என்ற மூன்றின் விலை அசையும்போது மட்டும் அவர் வெளிவருவார். அதிர்ச்சி அடைவார், அல்லது மகிழ்ச்சி அடைவார். தக்காளி விலை ஏறினால் ‘இல்லத்தரசிகள் அதிர்ச்சி’. இறங்கினால் ‘விவசாயிகள் வேதனை’. இருவரும் ஒரே நாளில் நிம்மதியாக இருந்த விலை எது என்பதைத் தலைப்புகளிலிருந்து கண்டறிய வழியில்லை. மழையின் கதையும் இதுவே. முதல் நாள் ‘கொட்டித் தீர்த்த மழை, பொதுமக்கள் மகிழ்ச்சி’. மறுநாள் ‘விடிய விடிய மழை, பொதுமக்கள் அவதி’. மகிழ்ச்சிக்கும் அவதிக்கும் இடையே பொதுமக்களுக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ இருபத்து நான்கு மணி நேரம்.

நான்காமவர் குடிமகன். அரசமைப்புச் சட்டத்தின் தமிழாக்கத்தில் அவர் உரிமைகளும் கடமைகளும் உடையவர். டாஸ்மாக் பற்றிய தலைப்பில் அவர் மதுப்பிரியர். யாரோ ஓர் உதவி ஆசிரியர் ஓர் இரவில் ரசித்துச் செய்த சிலேடை, பல ஆண்டுகளில் சொல்லையே தள்ளாட வைத்துவிட்டது. இன்று குடிமையியல் பாடம் நடத்தும் ஆசிரியர் ‘ஒரு நல்ல குடிமகன்’ என்று தொடங்கினாலே கடைசி பெஞ்சில் சிரிப்பு எழும். அன்றாடத் தலைப்பின் செல்வாக்கை அளக்க இதைவிடத் துல்லியமான கருவி கிடைப்பது அரிது.

ஒரு குடிமகள் மட்டும் ஓய்வு பெற்றுவிட்டார். பிளஸ்-2, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு நாளில் ‘மாநிலத்தில் முதலிடம்’ என்ற தலைப்பின் கீழ், தாய் லட்டு ஊட்ட, வாயைத் திறந்தபடி கேமராவைப் பார்க்கும் மாணவி ஆண்டுதோறும் வருவார். 2017இல் அரசு தர வரிசை அறிவிப்பதை நிறுத்தியது. லட்டு இப்போது வீட்டுக்குள் ஊட்டப்படுகிறது. ‘வழக்கம்போல் மாணவிகளே அதிகத் தேர்ச்சி’ என்ற தலைப்பு மட்டும் பணியில் நீடிக்கிறது.

செத்த அளவைகளின் சரணாலயம்

தலைப்பின் சொத்துகளில் யாரும் கவனிக்காதது அளவைகள். இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனால், மூன்று பழைய அளவைகள் தமிழ்த் தலைப்பில் அடைக்கலம் புகுந்து உயிர் பிழைத்திருக்கின்றன.

ஒன்று, பாரன்ஹீட். வானிலை ஆய்வு மையம் வெப்பத்தைச் செல்சியசில் தருகிறது. 37.8 டிகிரி என்று அது தரும் எண்ணில் எந்தக் கவர்ச்சியும் இல்லை. அதையே பாரன்ஹீட்டுக்கு மாற்றினால் நூறு. நூறு என்றால் சதம். ‘வேலூரில் சதமடித்தது வெயில்’ என்று கிரிக்கெட் மட்டையுடன் சூரியன் களமிறங்கிவிடும். மே 4 முதல் 28 வரை நீளும் அக்னி நட்சத்திர நாட்களில், எத்தனை ஊர்கள் சதமடித்தன என்று ஸ்கோர் பலகைபோலப் பட்டியலே வரும். காய்ச்சலை அளக்கவும் வெயிலைத் திட்டவும் தவிர வேறெதற்கும் தமிழர் பாரன்ஹீட்டைப் பயன்படுத்துவதில்லை.

இரண்டாவது, சவரன். பிரிட்டிஷ் அரசின் சாவரின் என்ற தங்கக் காசு எட்டு கிராமுக்கு ஒரு நூலிழை குறைவு. காசு போய்விட்டது, அரசு போய்விட்டது. 8 கிராமுக்குப் பெயராகச் சவரன் நிற்கிறது. தங்கம் விலை கிராமுக்கு நூறு ரூபாய் கூடியது என்பதைவிடச் சவரனுக்கு எண்ணூறு கூடியது என்பது தலைப்புக்கு எட்டு மடங்கு நல்லது. விலை ஏறும்போது அது ‘அதிரடி’, ‘கிடுகிடு’, ‘புதிய உச்சம்’, ‘வரலாறு காணாத’ என்ற நான்கு படிகளில் ஏறும். நான்காம் படியைத் தாண்டியும் விலை ஏறினால் மறுநாளும் ‘வரலாறு காணாத’ என்றே போட வேண்டியிருக்கும். அந்த வகையில் வரலாறு ஒரே மாதத்தில் பலமுறை கண்ணை மூடிக்கொள்ள நேர்ந்திருக்கிறது. இறங்கும்போது ‘சற்றுக் குறைவு’ என்ற ஒரே படி.

மூன்றாவது, அடி. மேட்டூர் அணை திறக்கப்பட்டது 1934 ஆகஸ்டில். அதே ஆண்டு அடுத்த மாதம் தினமணி பிறந்தது. அணையின் முழு நீர்மட்டக் கணக்கு 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதாவது ஆயிரம் மில்லியன் கன அடி என்ற அளவில். டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12இல் திறப்பது வழக்கம். எனவே மே மாதக் கடைசியில் தொடங்கி, ‘மேட்டூர் நீர்மட்டம் கிடுகிடு உயர்வு’, ‘மளமளவெனச் சரிவு’, ‘119 அடியை எட்டியது’ என்று அணை ஒரு தொடர்கதையாகவே ஓடும். மீட்டரில் சொன்னால் 36.58. அந்த எண் நிரம்பியதற்காகத் தஞ்சாவூரில் எவரும் பட்டாசு வெடிக்கப் போவதில்லை. ‘கிடுகிடு’, ‘மளமள’ என்ற இரட்டைக்கிளவிகள் இலக்கண நூலில் தூங்காமல் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பதும் மேட்டூராலும் தங்கத்தாலும்தான்.

நாய் கடித்த சிறுவன்

சுருக்கத்தின் விளைவுகளில் சுவையானது மயக்கப் பொருள். 2009இல் ஜப்பானிய விமான விபத்தோடு தொடர்புடைய ஒரு வயலின் கலைஞரைப் பற்றிய ஆங்கிலத் தலைப்பு, விபத்து மலர்கள் என்று ஏதோ இருப்பதுபோலப் படிக்கத் தோன்றியதால், ஆங்கிலத்தில் இத்தகைய தலைப்புகளுக்கு அதுவே பெயராகிவிட்டது. தமிழில் இந்தச் சிக்கல் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. ‘புலி கொல் யானை’ என்றால் கொன்றது எது, செத்தது எது என்ற கேள்வியைத் தொல்காப்பிய உரையாசிரியர்கள் எழுப்பினார்கள்; ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்று அதற்குத் தொல்காப்பியமே இலக்கணமும் சொல்லியிருந்தது. அவர்களில் எவருக்கும் இரவு பன்னிரண்டு மணிக்குப் பக்கத்தை முடித்தனுப்பும் அவசரம் இருந்ததில்லை.

நாய் மனிதனைக் கடித்தால் செய்தியில்லை, மனிதன் நாயைக் கடித்தால்தான் செய்தி என்பது இதழியலின் முதல் பாடம். தமிழில் ‘நாய் கடித்த சிறுவன்’ என்று எழுதிவிட்டால் பாடமே குழம்பிவிடும். ‘ஐ’ உருபு தொக்கி நின்றதாகக் கொண்டால் கடித்தவன் சிறுவன். இல்லையென்றால் கடித்தது நாய். செய்தியும் செய்தியில்லாமையும் ஒரே மூன்று சொற்களில் அடங்கிவிடுகின்றன.

பெயரெச்சம் இன்னும் ஆபத்தானது. ‘ஆசிரியரை அடித்த மாணவனின் தந்தை கைது’ என்று ஒரு தலைப்பை எடுத்துக்கொள்ளலாம். அடித்தது மகன் என்றால் தந்தை ஏன் கைதானார் என்ற கேள்வி எழும். அடித்தது தந்தை என்றால் கைது பொருத்தம். ஆனால் ‘அடித்த’ என்ற சொல் பக்கத்தில் இருக்கும் மாணவனைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறது. ‘ஆசிரியரை அடித்ததாக மாணவனின் தந்தை கைது’ என்று இரண்டெழுத்துக் கூட்டினால் மகன் தப்பித்துவிடுவான். அந்த இரண்டெழுத்துக்கு இடமில்லாமல் அரை நாளாவது குற்றவாளியாக இருந்த மாணவர்கள் தமிழ்நாட்டில் பலர் இருக்கக்கூடும்.

ஆ என்ற கேடயம், ஆம் என்ற வாள்

உறுதியாகத் தெரியாததைத் தலைப்பாக்க வேண்டிய நிலை ஒவ்வோர் இரவும் வரும். ஆங்கில ஏடுகள் அதற்குக் கேள்விக்குறியை நம்பின. கேள்விக்குறியில் முடியும் தலைப்பு எதற்கும் ‘இல்லை’ என்று விடை சொல்லிவிடலாம் என்று இயன் பெட்டரிட்ஜ் என்ற பத்திரிகையாளர் 2009இல் ஒரு விதியே வகுத்தார். தமிழுக்கு அந்தக் குறிகூடத் தேவையில்லை. வினாவெழுத்து ‘ஆ’ சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொள்ளும். ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ என்பது அரசாணை. ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறையா?’ என்பது மேகம். ‘கூட்டணி முறிவா?’, ‘அமைச்சரவை மாற்றமா?’ என்று ஒரே ஓர் உயிரெழுத்தின் நிழலில் ஓர் ஏடு முழுத் தேர்தல் காலத்தையும் கடந்துவிட முடியும்.

இதைவிடத் தேர்ந்த கருவி ‘ஆம்’. பிறர் சொல்லக் கேட்டது என்பதைக் காட்ட, வினையின் இறுதியில் சேரும் இடைச்சொல் அது. ‘நடிகை திருமணம் செய்துகொள்கிறாராம்’ என்பதில் சொன்னவர் யார், எங்கே, எப்போது என்ற எதுவும் தேவையில்லை. கிசுகிசுப் பத்திகள் முழுவதும் இந்த ஓரசை மேல் கட்டப்பட்டவை. மான நஷ்ட வழக்குக்கு அஞ்சி வழக்கறிஞர் சேர்க்கச் சொல்லும் ‘கூறப்படுகிறது’ என்ற நீண்ட சொல்லின் வேலையைத் தமிழ் இலக்கணம் எப்போதோ இரண்டெழுத்தில் முடித்து வைத்திருக்கிறது.

பெட்டிக்கடை வாசலில்

தலைப்பு தன் முழு வடிவம் எடுப்பது ஏட்டில் அன்று, பெட்டிக்கடை வாசலில் தொங்கும் வால்போஸ்டரில். வாழைப்பழத் தாருக்கும் ஷாம்பு பாக்கெட் சரத்துக்கும் இடையே, சணல் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டிய மெல்லிய தாள். காற்றில் மடங்கும்போது பாதிச் சொல் மறைந்து, இருந்த பரபரப்பு இருமடங்காகும். இதற்கான எழுத்துகள் ஈயத்தில் வார்க்க முடியாத அளவு பெரியவை என்பதால் ஒருகாலத்தில் மரத்தில் செதுக்கப்பட்டன.

ஏட்டுத் தலைப்பின் நோக்கம் செய்தியைச் சொல்வது. வால்போஸ்டரின் நோக்கம் செய்தியைச் சொல்லாமல் இருப்பது. சொல்லிவிட்டால் சைக்கிளில் போகிறவர் காலை ஊன்ற மாட்டார். ‘பிரபல நடிகர் மீது புகார்’ என்பதில் நடிகரின் பெயர் காசு கொடுத்தவருக்கு மட்டும். பல நேரம் காசு கொடுத்துத் திறந்தால், பிரபல நடிகர் அவ்வளவு பிரபலமில்லை என்பதும், பக்கத்து வீட்டுச் சுவர்த் தகராறுதான் புகார் என்பதும் தெரியவரும். கைப்பேசியில் ‘அடுத்து நடந்தது என்ன?’ என்று தட்டச்சொல்லி அழைக்கும் இன்றைய இணையத் தலைப்புகளை ஏதோ புதிய சீரழிவு என்று சொல்வோர், சணல் கயிற்றை மறந்தவர்கள். கயிறுதான் மாறியது, கிளிப் அதே கிளிப்.

திரைப்படமும் இந்த மரபைக் கடன் வாங்கியது. கதையில் பெரிய திருப்பம் வந்தால், ஒரு நாளேடு சுழன்று சுழன்று வந்து திரையை அடைத்து நிற்கும். அதில் பெரிய எழுத்துத் தலைப்பைத் தவிர, கீழே உள்ள செய்தி வேறு எதையோ பற்றியதாக இருக்கும். ரசிகர்கள் அதைப் பொருட்படுத்தியதில்லை. வீட்டுக்கு வரும் ஏட்டையும் அவர்கள் அப்படித்தான் படித்துவந்தார்கள்.

கடன் பக்கம்

சொத்துக் கணக்கில் கடனும் உண்டு. சோதனையில் பிடிபட்ட பெண்கள் யாராக இருந்தாலும் ‘அழகிகள்’ என்றே அச்சானார்கள். வறுமையால் அந்த நிலைக்கு வந்தவருக்குத் தலைப்பு அளித்த பட்டம் அது. ‘கள்ளக்காதல்’ என்ற சொல் கொலைச் செய்தியில் செத்தவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. மணம் கடந்த உறவைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் நீக்கிவிட்டது. தலைப்பில் அந்தப் பிரிவு இன்னும் பல ஏடுகளில் அமலில் இருக்கிறது. தற்கொலை செய்தவர் கையாண்ட முறையைத் தலைப்பிலேயே விவரிப்பதும் நெடுநாள் வழக்கமாக இருந்தது. அதைத் தவிர்க்கும்படி இந்திய பிரஸ் கவுன்சில் 2019இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

‘வேறு சொல் அடங்காது’ என்பதே இவற்றுக்கெல்லாம் சொல்லப்பட்ட சமாதானம். ஆனால், அடங்காத சொற்களும் அடங்கியிருக்கின்றன. ‘ஊனமுற்றோர்’ ஆறெழுத்து, அதன் இடத்தைப் பிடித்த ‘மாற்றுத்திறனாளி’ எட்டெழுத்து. பழைய இழிசொற்களைவிட நீளமான ‘திருநங்கை’ எல்லா ஏடுகளிலும் நிலைத்துவிட்டது. சாதி மாறி மணந்தவர்களைக் கொல்வதை ‘கௌரவக் கொலை’ என்று ஆங்கிலத்தைப் பின்பற்றி எழுதிவந்த ஏடுகள், அதில் கௌரவம் ஏதுமில்லை என்ற வாதத்தை ஏற்று ‘ஆணவக் கொலை’ என்று எழுதத் தொடங்கின. ஒரே சொல் மாற்றத்தில், கொன்றவரின் நியாயம் அவருடைய குற்றமாக மாறிற்று. உதவி ஆசிரியர் மனம் வைத்தால் பத்தியின் அகலம் கூடும் என்பதற்கு இவை சான்று. ஜாமீன், பிணை கணக்கிலும் தெரிந்தது இதுவே.

கூட்டிக் கழித்தால்

அன்றாடத் தலைப்பின் சொத்துகளை இவ்வாறு தொகுக்கலாம். எழுத்துக்கூட்டிப் படித்தவருக்கு நம்பிக்கை தந்த பெரிய எழுத்து; பேச்சிலும் கலந்துவிட்ட ஒரு கைப்பிடி இரண்டெழுத்துச் சொற்கள்; சம்பளத்தில் இருக்கும் இரட்டைக்கிளவிகள்; உயிர் பிழைத்த மூன்று அளவைகள்; தள்ளாடும் ஒரு குடிமகன். கடன் பக்கத்தில் சில பெண்களின் மானமும், பெயரெச்சத்தில் சிக்கிய சில மாணவர்களின் அரை நாளும். எந்தத் தலைப்பு இவற்றைச் செய்தது என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. ஆயிரக்கணக்கான இரவுகளில், பெயர் போடப்படாத உதவி ஆசிரியர்கள் ஒரே சொல்லை மறுபடி மறுபடி எழுதியதால் சேர்ந்தவை இவை.

தாளாக எஞ்சிய சொத்து ஒன்றும் உண்டு. பழைய ஏட்டில் மடித்துத் தந்த பஜ்ஜியை எடுத்துப் பார்த்தால், எண்ணெயில் ஊறிய மாவின் மேல் முந்தைய மாதத் தலைப்பு தலைகீழாக ஒட்டியிருக்கும். அச்சு மையில் உடலுக்குத் தீங்கான பொருள்கள் இருப்பதால், உணவை நாளேட்டில் பொதியக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 முதல் அறிவுறுத்தி வருகிறது. பல கடைகளில் இப்போது வெள்ளைத் தாள் வந்துவிட்டது. தலைப்பை மென்று விழுங்குவதை அதன்பின் கண்ணால் மட்டுமே செய்ய வேண்டியிருக்கிறது.